நரம்போரம் குடிவந்தது

அந்தக் காலத்தில், மீன்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாளில், கடலில் யாருக்கும் அவசரம் என்பதே கிடையாது. வாலில் பட்ட வலி தலைக்கு வந்து சேர்வதற்குள் ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்துவிடலாம். மீன்களைப் பிடித்துத் தின்னும் கடல்தேளுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

செவ்வரி என்ற மீனின் அம்மா அப்படித்தான் செத்தாள். மகள்கள் இருவரோடும் அவள் பேசிக்கொண்டிருந்தபோது, தேள் பின்னாலிருந்து அவள் வாலைத் தின்றுகொண்டிருந்தது. "ஏண்டி ரெண்டு பேரும் என்னை இப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டாள். கண்ட சேதி மகள்களின் வாய்க்கு இன்னும் வந்து சேரவில்லை. வலி வந்து சேர்ந்தபோது பாதி உடம்பு இல்லை.

அப்போது செவ்வரிக்கு வயிறு நிறைய முட்டை. தன் குஞ்சுகளும் இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டே சாகுமோ என்ற பயத்தில் அவளுக்கு இரை இறங்கவில்லை.

சேற்றுப் பள்ளத்தில் உடம்பில்லாத ஒன்று இருந்தது. அதற்குக் குரல் மட்டும் உண்டு. தங்கையையும் கூட்டிக்கொண்டு செவ்வரி அதனிடம் போய் முறையிட்டாள்.

"எனக்கு இருக்க ஒரு இடம் குடு," என்றது அது. "உன் நரம்போரம் பொடிப்பொடியா உயிரணுக் கூட்டம் ஒண்ணு சும்மா உக்காந்திருக்கு. அதுங்களுக்கு நான் வேலை சொல்லித் தரேன். வெள்ளைக் கொழுப்பை எடுத்து நரம்பைச் சுத்தும். அப்புறம் வலியோட சேதி நரம்புல பறக்கும். ஆனா நான் வெளிய போகமாட்டேன். உன் குஞ்சுக்குள்ளயும், அதுங்களோட குஞ்சுக்குள்ளயும் இருப்பேன்."

"வேண்டாம்க்கா," என்றாள் தங்கை கருவாலி. "அது யாருன்னே தெரியாது."

"அம்மா முகத்தைப் பாத்தேல்ல?" என்று கேட்டுவிட்டுச் செவ்வரி வாயைத் திறந்தாள். குளிர்ச்சியாக ஏதோ உள்ளே இறங்கியது. முதுகு நெடுக யாரோ துணி சுற்றுவது போல இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

தேள் மறுபடியும் வந்தது. அதன் கொடுக்கு வாலைத் தொட்டது அவளுக்கு உறைப்பதற்குள் அவள் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தப்பித்துவிட்டோம் என்று ஒரே சந்தோஷம். அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஓட வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லையே.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கொஞ்ச காலம் தள்ளாடிக்கொண்டு திரிந்தன. ஒருநாள் அத்தனையும் ஒரே நேரத்தில், சத்தமில்லாமல், தாயின் பக்கம் திரும்பிப் பார்த்தன. அவற்றுக்குள்ளும் அது விழித்துக்கொண்டது என்று அவளுக்குப் புரிந்தது.

கருவாலி எட்ட நின்றே கேட்டாள்: "அக்கா, இப்ப எங்கிட்ட பேசுறது நீயா, அதுவா?"

"நான்தான்," என்று செவ்வரியின் வாய் சொன்னது. என்ன சொல்வதென்று அவள் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

கருவாலி கிட்டே வரவில்லை. அழுதுகொண்டே ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் போய்விட்டாள்.

வட்ட வாயால் கல்லில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் தாடையில்லா மீன்கள் அவள் வம்சம். அவற்றின் நரம்பில் இன்றும் அந்தக் கொழுப்புச் சுற்று கிடையாது. சுறாவும் தவளையும் காக்கையும் நாமும் செவ்வரியின் வழி வந்தவர்கள். அன்று முதல்தான், தீ சுட்டது நமக்குத் தெரியும் முன்பே, நம்மைக் கேட்காமல் கை விலகிவிடுகிறது.