இரண்டு கட்சிக்கும் ஒரே நாயனம்

இந்தக் கதை ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் வழி சொல்வது கேட்பவர் பொறுப்பு. ஆகையால் யார் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மணற்குடிக்குக் கட்சி என்ற சங்கதி புதிதாக வந்து சேர்ந்தது. வந்ததும் தனியாக வரவில்லை, ஜோடியாக வந்தது. வக்கீல் அனந்தசயனம் தேசத் தொண்டர் கட்சிக்குக் கிளை திறந்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் அரிசி மில் அருணகிரி குடியானவர் கட்சிக்குப் பலகை மாட்டிவிட்டார். அதுவரை பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று மட்டுமே பிரிந்து பழகிய ஊர், காப்பிக் கடையில்கூடக் கட்சிக்கு ஒரு பெஞ்சு என்று பிரிந்து உட்கார்ந்தது.

இதில் மிகவும் சந்தோஷப்பட்டவர் நாயனக்காரர் திருமேனி. கூட்டத்துக்கு ஆள் சேர அவர் நாயனம் வேண்டுமே! நேற்றுவரை "ஏய் திருமேனி" என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் இப்போது "வாங்க, உட்காருங்க" என்றன. கட்சி நல்ல சாமான்தான் என்று மனைவி அஞ்சுகத்திடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்.

சட்டசபைத் தேர்தல் நெருங்கியது. ஒரு நாள் காலையில் வக்கீல் வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

"நான் ஜெயிச்சா கடைத்தெருவிலே ஊர்வலம். தெரு முழுக்க நீங்களேதான் வாசிக்கணும், வேற ஆளை அனுப்பிடாதீங்க. மேளம் எனக்கு முன்னால போகணும். சாமி புறப்பாட்டுக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதானே முறை?"

திருமேனி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமே அருணகிரி வந்தார், அவரும் தட்டோடுதான்.

"நானும் ஜெயிச்சா கடைத்தெருவிலேதான் ஊர்வலம் விடப்போறேன். தெரு முழுக்க உங்க வாசிப்புதான். ஆனா ஒண்ணு. மேளம் முன்னால போறதுக்கு நான் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. குடியானவன் முன்னால நடப்பான், மேளம் பின்னால வரணும். அதுதான் எங்க கொள்கை."

கொள்கை என்றால் என்னவென்று திருமேனிக்குத் தெரியாது. அந்தத் தட்டையும் வாங்கிக்கொண்டார். அஞ்சுகம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ரெண்டு பேர் வெற்றிலையையும் வாங்கிட்டீங்களே?"

"அட, ஜெயிக்கப்போறது ஒருத்தர்தானே. தோத்தவருக்கு எதுக்கு மேளம்?"

பாவம், தேர்தலைக் கண்ணால் பார்த்திராத மனிதர். குஸ்தியில் ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்பதுபோலத்தான் அதையும் நினைத்திருந்தார். அஞ்சுகத்துக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஓட்டு எண்ணினார்கள். வந்தது வினை. அந்தத் தொகுதிக்குச் சர்க்கார் ஒதுக்கியிருந்தது இரண்டு இடம்! ஒன்றில் வக்கீல் ஜெயித்தார், இன்னொன்றில் அருணகிரி ஜெயித்தார். போதாக்குறைக்குப் போலீஸ் அதிகாரி கண்டிப்பாக ஓர் உத்தரவு போட்டார். இரண்டு நாள் காவலுக்கு ஆளில்லை, இரண்டு ஊர்வலமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே நேரத்தில்தான், அடிதடி இல்லாமல் எப்படியோ போய்த் தொலையுங்கள் என்றுவிட்டார்.

திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிலை வாங்கிவிட்டு வாசிக்காதவர் என்று ஒரு தடவை பேர் விழுந்தால் போதும், சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். அவருடைய அப்பா கொதிக்கிற காய்ச்சலோடு போய் வாசித்துவிட்டு வந்தவர். அந்த மனிதர் சேர்த்துவைத்த பேரை நான் கெடுப்பேனா என்று புலம்பினார்.

"முதல்ல வந்த வெற்றிலைக்கு வாசிங்க. மில்காரர் கால்ல நான் போய் விழறேன்" என்றாள் அஞ்சுகம்.

"பாதித் தெரு அவருக்கு, பாதித் தெரு இவருக்கு. சரியாப் போச்சு" என்றார் தவில்காரர் கண்ணுச்சாமி.

"ரெண்டு பேரும் தெரு முழுக்கக் கேட்டிருக்காங்கப்பா."

"அப்ப காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்குங்க."

திருமேனி எல்லா யோசனைக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வக்கீல் சொன்னதை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், அருணகிரி சொன்னதையும் சொல்லிப் பார்த்தார். திடீரென்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டு வீட்டுக்கும் போய், "நீங்க கேட்டபடியே வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைத்தெரு முழுக்க அவர் ஒருவரே வாசித்தார். தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, காய்ச்சல் என்று புளுகவில்லை, இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கு அணுவளவும் பிசகவில்லை. புத்திசாலிகளே, ஒரே மேளத்தை வைத்துக்கொண்டு திருமேனி இதை எப்படிச் செய்தார்?

விடை: அருணகிரியின் ஆட்களை முதலில் நடக்கவிட்டார். அவர்களுக்குப் பின்னால் தன் மேளத்தை நிறுத்தினார். மேளத்துக்குப் பின்னால் வக்கீலின் ஆட்களை வரச் சொன்னார். அருணகிரிக்கு மேளம் பின்னால் வந்தது, வக்கீலுக்கு முன்னால் போனது. "அவங்க நமக்கு முன்னால போறாங்களே" என்று வக்கீல் முறுக்கிக்கொண்டதற்கு, "உங்க ஊர்வலம் மேளத்திலேருந்துதான் ஆரம்பம். அதுக்கு முன்னால போறவங்க தெருவிலே போறவங்க" என்றார் திருமேனி. வக்கீலே சிரித்துவிட்டார். இரண்டு கட்சியும் ஒரே தாளத்துக்கு நடந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. மறுநாள் காலையில் வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தட்டும், மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தட்டும் வாசலுக்கு வந்தன. திருமேனி ஆசையாகக் கையை நீட்டினார். அஞ்சுகம் அவர் கையைத் தட்டிவிட்டு, இரண்டு முகூர்த்தமும் என்றைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தட்டுகளை வாங்கினாள்.