ஊசிக்குக் கீழே

கடலை ஒட்டிய ஓர் ஊரில் தையல்காரத் தெரு ஒன்று இருந்தது. தெரு முழுக்கக் கையூசிதான். தையல் மிஷின் என்று ஒன்று உண்டு என்பதே வெகுகாலம் வரை அங்கே யாருக்கும் தெரியாது. தெருவுக்குப் பெரியவர் உதுமான் கனி. ஐம்பது தாண்டியவர். அவர் தைத்த சட்டையில் தையல் எங்கே ஓடுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊர்க்கோடி மணலில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு ஒரு ஹஜ்ரத் இருந்தார். கனிக்கு அவர்தான் குரு. குரு வயதில் இளையவர். அதனால் சீடரை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு கனி அங்கே வந்தார். தனியாக வரவில்லை. தெரு ஆண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். ஒருவன் கையில் எண்ணெய்க் குடுவை இருந்தது.

விஷயம் நெய்னாவைப் பற்றியது. அதே தெருவில் தொழில் பழகி, பினாங்குக்குக் கப்பலேறிப் போனவன். திரும்பி வரும்போது மரப்பெட்டியில் ஓர் இரும்புச் சாமான் கொண்டுவந்தான். சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது தைக்கிறது. காலையில் கொடுத்த துணி உச்சி வெயிலுக்குள் சட்டையாகி வந்துவிடுகிறது.

"அது நல்ல சாமான் இல்லை ஹஜ்ரத்," என்றார் கனி. "ஊசிக்குக் காது தலையிலதானே இருக்கும். இதுக்கு முனையில இருக்கு. குத்துற இடத்துலேயே காது."

கனி இன்னும் கிட்டே நகர்ந்தார்.

"அது போகட்டும். அவன் தைச்ச சட்டை ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தோம். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். மேல்நூலை அவன் கோக்கிறதைத் தெருவே பார்த்திருக்கு. கீழ்நூலை யாரு கொடுக்கிறது?"

"யாருன்னு நினைக்கிறீங்க?"

கனி குரலைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்றுதான் தெருவில் பேச்சு. ஜின்னாக இருக்கும் என்கிறார்கள். ஹஜ்ரத் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் அஸர் தொழுகைக்கு முன்னால் கொளுத்திவிடுவார்கள். நெய்னாவின் வீடு கீற்று வீடு. சாமானை மட்டும் தனியாகக் கொளுத்த முடியாது, வீடும் சேர்ந்துதான் எரியும். அதனால்தான் ஹஜ்ரத் சொல்லாமல் கைவைக்க யோசிக்கிறார்கள்.

"நீங்க தைக்கும்போது துணிக்குக் கீழே ஒரு கை இருக்கே காக்கா, அது என்ன செய்யுது?"

"ஊசியை வாங்கித் திருப்பி மேலே கொடுக்குது."

"அதைக் குனிஞ்சு பார்ப்பீங்களா?"

"அது என் கை ஹஜ்ரத். அதை எதுக்குப் பார்க்கணும்?"

கனிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கப்பல்காரர்கள் சொன்ன ஒரு சேதியை எடுத்துவிட்டார். பிரான்ஸ் தேசத்தில் இந்த மாதிரிச் சாமான் முதன்முதலில் வந்தபோது அங்கிருந்த தையல்காரர்கள் கூட்டமாகப் போய் அடித்து நொறுக்கினார்களாம். காரணம் இல்லாமலா நொறுக்குவார்கள் என்று கேட்டார்.

"நொறுக்கினது இங்கே எப்படி வந்து சேர்ந்தது?" என்றார் ஹஜ்ரத்.

வேலிப் பக்கம் ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டான்.

"இப்போ அவன் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கிட்டுத் தைக்கிறான்," என்றார் கனி. "யோக்கியமான வேலைக்குக் கதவு எதுக்கு?"

"எப்போ இருந்து சாத்துறான்?"

"ஜன்னல் வழியா யாரோ மணலை அள்ளி அதுமேல வீசிட்டாங்களாம். அன்னையிலேர்ந்து."

"யாரோவா?"

கனி உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தை நிமிண்டினார்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க," என்றார் ஹஜ்ரத். "கீழ்நூலைக் கொடுக்கிறது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இவங்க இங்கேயே இருக்கட்டும்."

கனி எழுந்திருக்கவில்லை. ஜின் அண்டாமல் இருக்கத் தன் நெஞ்சில் ஓதி ஊதிவிடச் சொன்னார். ஹஜ்ரத் சிரிக்காமல் ஊதிவிட்டார்.

கனி போய்த் தட்டியதும் நெய்னா கதவை ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தான்.

"மணல் தீர்ந்துபோச்சா மாமா? எண்ணெய் கிளம்பிடுச்சுன்னுல்ல கேள்விப்பட்டேன்."

ஹஜ்ரத் அனுப்பினார் என்று கனி சொன்னார். நெய்னா நம்பவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொன்னான். இடுப்பு மடிப்பை உதறச் சொன்னான். தெருவுக்கே பெரியவர், வாசலில் நின்று வேட்டியை உதறிக் காட்டினார். அப்புறம்தான் உள்ளே விட்டான். விட்ட பிறகும் மிஷினுக்கும் அவருக்கும் நடுவிலேதான் நின்றான்.

கீழ்நூலைக் கொடுப்பது யாரென்று கனி கேட்டார். நெய்னா ஊசிக்குக் கீழே இருந்த தகட்டை விரலால் நகர்த்திவிட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றினான்.

கனி உதட்டுக்குள் ஓதிக்கொண்டே குனிந்தார். உள்ளே ஒரு குட்டி இரும்புத் தோணி. அதன் வயிற்றில் நூல். ஊசி இறங்கி லேசாக எழும்பும்போது ஊசியின் நூல் ஒரு வளையமாக வளைந்தது. அந்த வளையத்துக்குள் தோணி புகுந்து போனது. போய்த் திரும்பியது. இன்னொரு தரம் சுற்றச் சொன்னார் கனி. ஓதுவது எப்போது நின்றதென்று அவருக்கே தெரியாது. கடைசியில் நெய்னாவை நகரச் சொல்லிவிட்டு, சக்கரத்தைத் தானே பிடித்துச் சுற்றிப் பார்த்தார்.

கொட்டகைக்கு அவர் திரும்பியபோது வேலியோரம் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போய் உட்கார்ந்தார்.

"யாரு கொடுக்கிறது காக்கா?"

"ஒரு தோணி ஹஜ்ரத். என் விரல் பெருசுதான் இருக்கும். நூலைச் சுமந்துக்கிட்டுப் போய்ப் போய் வருது."

"ஜின்?"

"இல்லை."

"அப்போ சந்தேகம் தீர்ந்துபோச்சு."

"ஜின்னா இருந்திருந்தா நீங்க ஓதி ஓட்டியிருப்பீங்க," என்றார் கனி. "இது வெறும் இரும்பு. நாளைக்கு இன்னொருத்தன் வாங்குவான், அதுக்கு மறுநாள் இன்னொருத்தன். இதை என்ன ஓதி ஓட்டுவீங்க?"

வெளியிலிருந்து ஒருவன் பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தான். "ஜின்தானே பெரியவரே?"

கனி குருவின் பக்கம் சாய்ந்தார். குரல் வெளியே கேட்காமல் பேசினார்.

"ஆமான்னு சொல்லிடறேன் ஹஜ்ரத். ஒரு வார்த்தைதான். எங்க தெரு பொழைச்சுப் போகும்."

ஹஜ்ரத் எழுந்து வாசல் படலைத் திறந்துவிட்டார்.

"போய்ப் பார்த்ததைச் சொல்லுங்க காக்கா. ஜின்னைக் கொளுத்த எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்த்துட்டேன். நெய்னாவைக் கொளுத்த எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்ப்போம்."