வேலாத்தா காருக்குப் பொட்டு வெச்ச கதை

டிக்... டிக்... டிக்...

என்ன சத்தம் சொல்லு பாப்போம்? பல்லியா? இல்ல. கடியாரமா? அதுவும் இல்ல. இரு கண்ணு, இந்த ஊசில நூலக் கோத்துக்கறேன். ம்... அது, எந்திரிக்க மாட்டேன்னு ஒரு காரு சொல்ற சத்தம்.

மலைக்கு அடியில ஒரு ஊரு, ஊருக்குள்ள ஒரு தெரு, தெருவுக்குள்ள ஒரு கெழட்டு டீசல் காரு. அத ஓட்டுறவ பேரு வேலாத்தா. யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாருக்குக் கல்யாணம்னாலும் வேலாத்தா காருதான். அந்தக் காரு ஓடுனாத்தான் அவ வீட்டுல அடுப்பு எரியும்.

ஆனா தினமும் காலைல சாவியத் திருகுனா, டிக்! அவ்வளவுதான். அப்போ தெருவே கூடித் தள்ளும். தள்ளுறதுக்கு ஆளாளுக்கு இடம் உண்டு கண்ணு. பின்னாடி இடது விளக்கு சென்னியப்பன் வாத்தியாருக்கு. வலது விளக்கு இட்லிக்கடை மசக்காளிக்கு. நடுவுல பொம்பளைங்க. ஐலசா, ஐலசா, தள்ளு! டுர்ர்ர்... டுபு டுபு டுபுன்னு கிளம்பிரும்.

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம வாத்தியாரு இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. "வேலாத்தா, இனி நம்மால ஆகாதும்மா. வித்துரு."

"வித்துட்டு நான் என்ன பண்ணட்டுங்க, உங்க பள்ளிக்கூடத்துல அ ஆ படிக்கட்டுமா?"

அப்போ பாத்து பழைய இரும்புக்கடை ராக்கியண்ணன் மினிலாரியக் கொண்டாந்து நிறுத்துனாரு. எஞ்சின அணைச்சுட்டு, பாட்ட மட்டும் சத்தமாப் போட்டுட்டு எறங்குனாரு. காருமேல டங்கு டங்குனு தட்டிப் பாத்தாரு. "நல்ல தகரம்"ன்னாரு.

"கை வெக்காதீங்கண்ணா. பேட்டரிதான் செத்திருக்கு. காரு சாகல."

"அப்பிடியா? மூணு பேட்டரி மாத்திப் பாரு ஆத்தா. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள தள்ளாம கிளம்புச்சுன்னா, நான் இந்தத் தெருப் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன். இல்லாட்டி வண்டி எனக்கு."

தெருவே அவளப் பாத்துச்சு. "சரிங்க"ன்னுட்டா வேலாத்தா.

முதல்ல வாத்தியாரு அவரோட புதுக் காருலருந்து பேட்டரியக் கழட்டிக் குடுத்தாரு. சின்னதா, பளபளன்னு இருந்துச்சு. மாட்டித் திருகுனா, கிர்ர்... கிர்... கி... டிக்! டீசல் எஞ்சினு பெருசு பாரு. யானைக்கு ஒத்த இட்லி வெச்ச மாதிரி.

"ஒண்ணு போச்சு!"ன்னாரு ராக்கியண்ணன். மினிலாரில பாட்டு பாடிட்டே இருந்துச்சு.

அப்புறம் பக்கத்து வீட்டு லாரிக்காரரு அவரோட பேட்டரியத் தூக்கிட்டு வந்தாரு. அம்மாடி, ரெண்டு பேரு தூக்குற கனம்! பேட்டரி வெக்கிற தட்டுல உக்காரவே இல்ல. கயித்தப் போட்டுக் கட்டி, மேல எஞ்சின் மூடிய அமுக்கி மூடுனாங்க. மூடியோட தகரம், ஒயரு மாட்டுற பேட்டரிக் குமிழு ரெண்டையும் தொட்டுச்சா, பட்! படார்! பொறி பறந்துச்சு. மசக்காளி ஓடுன ஓட்டத்துல வேட்டி வேலில மாட்டிக்கிச்சு!

சிரிக்காத. தூக்கம் போயிரும்.

"ரெண்டு போச்சு!"

அப்போ வேலாத்தா என்ன பண்ணுனா? கழட்டி வெச்சிருந்த செத்துப்போன பேட்டரிய எடுத்து, சாயாம ஒரு வாளிக்குள்ள நிறுத்தி, டவுன் பஸ்ஸுல ஏறிட்டா. பேட்டரிக் கடைல இருந்த அம்மா, "பழசக் கொண்டாந்தது நல்லதாப் போச்சு"ன்னு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. நீளம் சரியா? சரி. உசரம் சரியா? சரி. டீசலுக்கு ஒதைக்கிற தெம்பு இருக்கா? இருக்கு. கூட்டல் குறி எந்தப் பக்கம்? பழசுக்கு வலது, புதுசுக்கும் வலது. "போன மாசம் செஞ்சது, சார்ஜும் ஏத்தியாச்சு. பழச விட்டுட்டுப் போங்க"ன்னாங்க.

வேலாத்தா ஊரு வந்து எறங்குறப்போ பொழுது சாயப் போகுது. ராக்கியண்ணன் கயிறும் கையுமா நிக்கிறாரு. ஆனாலும் புதுச் சாமான்னா சும்மா மாட்டலாமா? சந்தனம் தடவி, குங்குமம் வெச்சு, பூவும் வெச்சு, பொட்டு வெச்ச மூஞ்சி தெருவப் பாக்கற மாதிரி தட்டுல வெச்சா. சூடம் காட்டுனா. அப்புறம் ஒயர இழுத்தா...

எட்டல!

நாலு விரக்கடை எட்டல. இந்தப் பக்கம் இழுத்தாலும் எட்டல, அந்தப் பக்கம் இழுத்தாலும் எட்டல.

"தப்பான பேட்டரி"ன்னாரு வாத்தியாரு. "மூணும் போச்சு!"ன்னு ராக்கியண்ணன் கயித்தக் காரு மூக்குல கட்ட ஆரம்பிச்சுட்டாரு. வேலாத்தாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. கடையில பாத்தப்போ எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? குனிஞ்சு பாத்தா. பேட்டரி பொட்டும் பூவுமா அவளப் பாத்து உக்காந்திருக்கு.

"அண்ணா, கயித்த விடுங்க!"

"ஏன்?"

"மூஞ்சி தெருவப் பாக்கணும்னு திருப்பி வெச்சது நாந்தானுங்க! சாமி, நீ தெருவப் பாத்தது போதும், எஞ்சினப் பாரு!"ன்னு தூக்கி, அப்பிடியே அரைச் சுத்து திருப்பி வெச்சா. கூட்டல் ஒயரு கூட்டலுக்கு, கழித்தல் ஒயரு கழித்தலுக்கு. கச்சிதமா உக்காந்துச்சு. முறுக்குனா. மூடிய மூடுனா, டப்! சாவியத் திருகுனா...

ம் சொல்லு கண்ணு. இன்னும் சத்தமா.

டுர்ர்ர்ர்ரூம்! டுபு டுபு டுபு டுபு! கோழியெல்லாம் கூரை ஏறிருச்சு. வேலாத்தா பாம்ம்ம்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே தெருவ ஒரு சுத்து வந்தா. வாத்தியாரு இடுப்பு வலிய மறந்து ஆடுறாரு!

ராக்கியண்ணன் கயித்தச் சுருட்டிட்டு மினிலாரில ஏறுனாரு. பாட்டு ஈஈஈன்னு இழுத்து நின்னுருச்சு. சாவியத் திருகுனாரு.

டிக்!

பொழுதன்னைக்கும் பாட்டுப் போட்டா பேட்டரி என்ன ஆகும்? அப்போ தெருவே ஓடி வந்துச்சு. இடது விளக்குல வாத்தியாரு. வலது விளக்குல மசக்காளி. நடுவுல பொம்பளைங்க. "அண்ணா, நல்லாப் புடிச்சுக்குங்க"ன்னு வேலாத்தாவும் தோள் குடுத்தா. ஐலசா, ஐலசா! தெருவத் தாண்டி, ஊரத் தாண்டி, போயே போயிட்டாரு ராக்கியண்ணன்.

காரும் தூங்கிருச்சு, கதையும் தூங்கிருச்சு, நீயும் தூங்கு.

கண்ணு?

...தூங்கிருச்சு. சரி. இந்தச் சட்டைக்கு இன்னும் ரெண்டு பொத்தான் இருக்கு.