கௌதாரி முடிக்காத வேண்டுதல்

சுனைக்காட்டில் கௌதாரிதான் பூசாரி. அதன் பெயர் செங்காலி. கைக்குள் அடங்கும் உடம்பு. குரலோ மலை தாண்டிப் போகும்.

காட்டின் நடுவே ஒரு சுனை. கரையில் ஒரு மருதமரம். மரத்தடியில் கறுப்பாக, முட்டை வடிவில் ஒரு கல். அதுதான் ஊற்றுச்சாமி. அதற்குக் கோபுரமும் இல்லை, உண்டியலும் இல்லை. பொழுது விடியும்போது விலங்குகளும் பறவைகளும் சுனைக்கு வரும். ஆளுக்கு ஒரு வாய் நீர் எடுக்கும். அதை விழுங்காமல் கொண்டுவந்து கல்லின் மேல் விடும். பிறகு வரிசையாக நிற்கும். செங்காலி கல்லுக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்லும்:

“ஊற்றே, வற்றாதே! காடே, கருகாதே! சாமி, உன் முன் எல்லாரும் ஒன்று!”

மூன்றே வரிதான் வேண்டுதல். கடைசி வரி முடிந்ததும் எல்லாரும் தலை குனிவார்கள். அப்புறம் கடமானும் எலியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்கும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேண்டுதலைத் தொடங்கியவர்தான் அதை முடிக்க வேண்டும். முடியும்வரை யாரும் கால் பெயர்க்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கக் கூடாது. ஒருமுறை செங்காலிக்கு நடுவில் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கும்வரை மொத்தக் காடும் அப்படியே நின்றது. கடமானின் காதில் ஈ மொய்த்தது. அது காதைக்கூட ஆட்டவில்லை!

சென்ற கோடையில், இப்படி நிம்மதியாக இருந்த காட்டுக்குச் செந்நாய்க் கூட்டம் ஒன்று வந்தது. விலங்குகள் நடுங்கின. அப்போது கழுதைப்புலி ஒன்று தன் ஆறு உறவுக்காரர்களோடு வந்து சேர்ந்தது.

“கவலையை விடுங்கள்! இனி நான் உங்களுக்குக் காவல்!” என்றது.

சொன்னபடியே செந்நாய்களை விரட்டியது. அதை மறுக்க முடியாது. எல்லாரும் நன்றி சொன்னார்கள். செந்நாய்கள் போய்விட்டன. கழுதைப்புலி மட்டும் போகவில்லை.

முதலில் சுனைக்குப் போகும் பாதையில் காவல் வைத்தது. “உங்கள் நன்மைக்குத்தான்!” என்றது. சரி என்றார்கள். பிறகு, செத்த விலங்கு எங்கே கிடந்தாலும் காகங்கள் தன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றது. அதற்கும் சரி என்றார்கள். காட்டுப்பன்றிகள் தினமும் வந்து தனக்குக் குகை தோண்ட வேண்டும் என்றது. பன்றிகள் முணுமுணுத்தன. ஆனாலும் தோண்டின. மூன்று பேருக்கு மேல் எங்கேயும் கூடி நிற்கக் கூடாது என்றது. ஒவ்வொரு தடவையும், ‘இது ஒன்றுதானே, போகட்டும்’ என்று காடு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுக்கத் தொடங்கினால் அதற்கு முடிவு ஏது?

கழுதைப்புலிக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. தன் பெயரின் முன்பாதி அதற்குப் பிடிக்கவே இல்லை. ஒருநாள் பாறை மேல் ஏறி, “இன்றுமுதல் என்னை மகாபுலி என்றுதான் கூப்பிட வேண்டும்!” என்று கத்தியது.

ஒரு குரங்கு சிரித்துவிட்டது. அந்தக் குரங்கை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. காட்டில் சிரிப்புச் சத்தமே நின்றுபோனது.

ஒருநாள் மாலை, ஒற்றைக்காது என்ற காவல்காரப் பெண் கழுதைப்புலி வந்து சொன்னது:

“மகாபுலி! விடியற்காலையில் சுனைக்கரையில் எல்லாரும் கூடுகிறார்கள். ஏதோ வேண்டுதலாம். ‘எல்லாரும் ஒன்று’ என்று சொல்கிறார்கள்.”

“எல்லாரும் என்றால்? நானுமா?”

“அப்படித்தான் தெரிகிறது.”

“என்ன! முயலும் நானும் ஒன்றா!”

விடியும் நேரம் கழுதைப்புலிக்கும் காவல்காரர்களுக்கும் தூங்கும் நேரம். தடையை மீறிக் காடு கூடுவதும் அப்போதுதான். அதனால் கழுதைப்புலி ஒருநாளும் அந்த வேண்டுதலைப் பார்த்ததில்லை. உடனே செங்காலியை இழுத்துவரச் சொன்னது.

“ஏய் கௌதாரி! நாளைக் காலையில் நானே வரப்போகிறேன். கடைசி வரியை மாற்று. ‘மகாபுலியே, உன் முன் நாங்கள் தூசு’ என்று சொல்!”

“அது சாமிக்குச் சொல்கிற வரி. உங்களுக்கு எப்படிச் சொல்வது?” என்றது செங்காலி.

கழுதைப்புலி பல்லைக் காட்டியது. “உனக்கு ஆறு குஞ்சுகள் இருக்கின்றன அல்லவா? இன்னும் பறக்கத் தெரியாது அல்லவா? யோசித்துக்கொள்!”

செங்காலி கூட்டுக்குத் திரும்பும் வழியில் மயில் எதிரே வந்தது. மயில்தான் ஊற்றுச்சாமியின் திருவிழாவில் ஆடும். காட்டில் அதற்கு நல்ல மரியாதை உண்டு. அந்த மரியாதை போய்விடுமோ என்ற பயமும் உண்டு.

“செங்காலி, ஏன் வம்பு? இரண்டு வார்த்தைதானே! சொன்னால் நாக்கு தேய்ந்தா போய்விடும்? சாமி கோபித்துக்கொள்ளாது. கழுதைப்... மகாபுலி கோபித்துக்கொள்ளும்!”

“நாக்கு தேயாது, அண்ணே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என் குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கவும் தெரியாது. ஆனால் பாதையைப் பிடுங்கிக்கொண்டான். சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டான். நாம் அவனுக்கு அடிமை இல்லை என்பது அந்த ஒரு வரியில்தான் மிச்சம் இருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டால், அந்தக் குஞ்சுகளுக்கு நான் எந்தக் காட்டைக் கொடுப்பேன்?”

மயில் தோகையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் விடிந்தது. கழுதைப்புலி தூக்கக் கண்ணோடு வந்து ஊற்றுச்சாமியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. ஆறு காவல்காரர்களும் சுற்றி நின்றார்கள். விலங்குகள் வழக்கம்போல் வாயில் நீர் கொண்டுவந்து கல்லின் மேல் விட்டுவிட்டு வரிசையில் நின்றன. செங்காலியின் ஆறு குஞ்சுகளும் கடமானின் வயிற்றடியில் ஒண்டிக்கொண்டன.

செங்காலி முன்னால் வந்தது.  கழுத்தை நீட்டி உரக்கச் சொன்னது:

“ஊற்றே, வற்றாதே!”

கழுதைப்புலி நிமிர்ந்து உட்கார்ந்தது.

“காடே, கருகாதே!”

கழுதைப்புலி தன் பெயரைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

“சாமி, உன் முன்...”

“நிறுத்து! என் பெயர் எங்கே?” என்று கத்திக்கொண்டு பாய்ந்தது கழுதைப்புலி. ஒரே அறை! செங்காலி உருண்டு விழுந்தது. “இதை முள்புதருக்குள் அடையுங்கள்! பொழுது சாய்வதற்குள் புத்தி வராவிட்டால் தின்றுவிடுங்கள்!”

காவல்காரர்கள் செங்காலியை இழுத்துப்போய் இலந்தைப் புதருக்குள் தள்ளி, வாசலை முள்ளால் அடைத்தார்கள்.

“அவ்வளவுதான்! எல்லாரும் கலைந்து போங்கள்!” என்றது கழுதைப்புலி.

யாரும் நகரவில்லை.

“காது கேட்கவில்லையா? பன்றிகளே, குகை தோண்டப் போங்கள்! காகங்களே, பறந்து போங்கள்!”

பன்றிகள் நகரவில்லை. காகங்கள் சிறகை விரிக்கவில்லை. கழுதைப்புலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பயத்தில் மரத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது. ஆனால் வெயில் ஏறியது. பாறை சுட்டது. பத்தடி தள்ளிச் சுனை பளபளத்தது. ஒருவரும் தண்ணீர் பக்கம் திரும்பவில்லை.

கழுதைப்புலி வரிசையில் தேடிப்பார்த்து முயலின் முன்னால் போய் நின்றது. இலை விழுந்தாலே ஓடுகிற முயல் அது.

“நீ ஏன் ஓடவில்லை?”

முயலின் மீசை படபடவென்று துடித்தது. “வே... வேண்டுதல் முடியவில்லை. முடியும்வரை கால் பெயர்க்கக் கூடாது.”

“யார் முடிப்பது?”

“தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். செங்காலியக்காவை நீங்கள்தான் பாதியில் இழுத்துப்போய்விட்டீர்கள்!”

கழுதைப்புலிக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் புரிந்தது. ஆனாலும் வீம்பு விடுமா? அது கடமானின் வயிற்றடியில் இருந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டது. உறுமிக்கொண்டு கிட்டே போனது. கடமான் நகரவில்லை. கழுதைப்புலி அதன் பின்னங்காலில் கடித்தது. இரத்தம் வழிந்து மண்ணில் விழுந்தது. கடமான் கண்ணை மூடிக்கொண்டு, காலை ஊன்றி நின்றது. நான்கு கால்களும் குஞ்சுகளைச் சுற்றி வேலியாக நின்றன.

காவல்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓடுகிறவர்களைத் துரத்தி அவர்களுக்குப் பழக்கம். ஓடாமல் நிற்கிறவர்களை என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

“மயிலே! இங்கே வா! என் பெயரைச் சொல்லி நீ முடி!” என்று கத்தியது கழுதைப்புலி.

வரிசையில் சேராமல் ஒதுங்கி நின்ற மயில் மெல்ல முன்னால் வந்தது. அது வரிசையைப் பார்த்தது. கடமானின் காலைப் பார்த்தது. நடுங்கிக்கொண்டே நிற்கிற முயலைப் பார்த்தது. வாயைத் திறந்தது.  

“என்னால் முடியாது!” என்றது மயில். “நேற்று நான் சொன்னது தப்பு. இந்த வேண்டுதல் செங்காலியுடையது!”

தோகையை மடக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றது.

கழுதைப்புலிக்குத் தலை கிறுகிறுத்தது. “அப்படியானால் அந்தக் கௌதாரியை இப்போதே கொல்கிறேன்! யார் முடிக்கிறார்கள் பார்க்கலாம்!”

“கொன்றால் முடிக்க ஆளே இல்லை,” என்றது முயல். அதற்கே தன் குரல் ஆச்சரியமாக இருந்தது. “நாங்கள் எல்லாரும் இங்கேயே நின்று செத்துப்போவோம். அப்புறம் குகை தோண்ட யார் வருவார்கள்? இரை இருக்கும் இடத்தை யார் சொல்வார்கள்? நீங்கள் யாருக்கு ராஜா? எங்கள் எலும்புக்கா?”

கழுதைப்புலி காவல்காரர்களைத் திரும்பிப் பார்த்தது.   கொடுமைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி மட்டும் கடைசிவரை தோன்றுவதே இல்லை!

அந்த நேரத்தில்தான் ஒற்றைக்காது அசைந்தது. நேராகச் சுனைக்குப் போனது. ஒரு வாய் நீர் எடுத்தது. அதைக் குடிக்கப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அது குடிக்கவில்லை. திரும்பி வந்து ஊற்றுச்சாமியின் மேல் விட்டது. கடமானின் பக்கத்தில் போய் நின்றது.

“ஏய், என்ன செய்கிறாய்?” என்று அலறியது கழுதைப்புலி.

“நானும் நிற்கிறேன்,” என்றது ஒற்றைக்காது. “உன்னோடு ஒரு வருடமாக இருக்கிறேன். ஒருநாளாவது என்னை உனக்குச் சமமாகப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாயா? இந்தச் சாமி முதல் நாளே என்னையும் வரிசையில் சேர்த்துக்கொண்டது!”

இன்னொரு காவல்காரன் சுனைக்குப் போனான். பிறகு இன்னொருவன். ஆறு பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். கல்லின் பக்கத்தில் கழுதைப்புலி மட்டும் தனியாக நின்றது. இலந்தைப் புதருக்கு இப்போது காவல் இல்லை. உள்ளே இருந்த செங்காலி முள்ளை அலகால் ஒவ்வொன்றாக விலக்கியது. மார்பில் கீறல், சிறகில் இரத்தம். தத்தித் தத்தி நடந்து கல்லுக்கு முன்னால் வந்து நின்றது. கழுதைப்புலியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது:

“சாமி, உன் முன் எல்லாரும் ஒன்று!”

அந்தக் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. கடமான் குனிந்தது. மயில் குனிந்தது. ஒற்றைக்காது குனிந்தது. ஆறு குஞ்சுகளும் சேர்ந்து தலையை மண்ணில் இடித்துக்கொண்டன. என்ன ஒரு குனிதல் அது! அத்தனை பேரும் குனிந்தார்கள். அதில் ஒருவர்கூடக் கழுதைப்புலிக்குக் குனியவில்லை.

பிறகு எல்லாரும் சுனையை நோக்கி நடந்தார்கள். கழுதைப்புலி வழியில் நின்றது. உறுமிப் பார்த்தது. யாரும் நிற்கவில்லை. முயல்தான் முதலில் அதன் முன்னால் போய் நின்றது.

“கழுதைப்புலியே, கொஞ்சம் ஒதுங்கு! தாகமாக இருக்கிறது!”

முழுப் பெயர்!  மருதமரத்தின் உச்சியில் இன்னொரு குரங்கு களுக்கென்று சிரித்தது. பன்றிகள் சிரித்தன. காகங்கள் சிரித்தன. கால் வலியையும் மறந்து கடமான் சிரித்தது. எத்தனை நாளாக அடக்கிவைத்த சிரிப்பு!

கழுதைப்புலி ஒதுங்கியது. முதலில் ஓர் அடி. பிறகு இன்னோர் அடி. அப்புறம் வாலைக் கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு ஓடியே போனது. அதைத் துரத்த யாரும் போகவில்லை. எல்லாருக்கும் தாகம்! கடமானும் எலியும் முயலும் ஒற்றைக்காதும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வயிறு நிறையக் குடித்தார்கள். செங்காலி தன் குஞ்சுகளுக்கு நடுவே நின்று கடைசியாகக் குடித்தது.

கடவுளுக்கு முன்னால் மட்டுமே தலை குனிவோம் என்று எல்லாரும் சேர்ந்து நின்றுவிட்டால், எந்தக் கொடுங்கோலனும் வழிவிட்டு ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.