தாழ்ப்பாளுக்கு ஒரு கையெழுத்து

மாநகராட்சி ஆணையர் தணிகைவேலன் பதினோராம் மண்டல அலுவலகத்துக்கு வந்து ஒரு மணி நேரம் முழங்கினார். "இனி எதற்கும் தலைமை அலுவலகத்தை எதிர்பார்க்க வேண்டாம். எல்லா அதிகாரமும் உங்கள் கையில்!"

குடித்த மூன்று இளநீர் அடிவயிற்றை முட்ட, அங்கிருந்த ஒரே கழிவறைக்கு ஓடினார். கதவில் தாழ்ப்பாள் இல்லை.

"ஒரு தாழ்ப்பாள் போடத் துப்பில்லையா?" என்று அலுவலக உதவியாளர் மரகதவல்லியிடம் எரிந்து விழுந்தார்.

"எங்க இஷ்டத்துக்குப் போட்டா மெமோ வரும் ஐயா. கோப்பு உங்க மேசைக்கு வந்து ஏழு மாசம் ஆச்சு."

"அதுவரைக்கும் பொம்பளைங்க என்ன பண்றீங்க?"

"ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி கதவைப் பிடிச்சுக்குவோம். அந்த ஒரு அதிகாரம்தான் எங்க கைக்கு வந்திருக்கு. நீங்க போங்க ஐயா, நான் பிடிச்சுக்கறேன்."

வேறு வழியில்லாமல் போனார்.

வெளியே யாரோ, "உள்ளே யாருக்கா?" என்று கேட்டார்கள்.

"நம்ம ஆணையர்தான். ஐயா, நீங்க பயப்படாதீங்க, கதவை விடமாட்டேன்" என்று மரகதவல்லி ஊருக்கே கேட்கச் சொன்னாள். கூடவே கதவிடுக்கில் தாழ்ப்பாள் கோப்பின் நகலும் பேனாவும் உள்ளே நீண்டன.

கூனிக் குறுகிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வரிசையில் காத்திருந்த பெண்களை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கை கழுவக் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது.

தலையைக் குனிந்தபடியே, மரகதவல்லியிடம் அடுத்த கோப்புக்குக் கையை நீட்டினார்.