உடும்பு தேர்ந்தெடுத்த எஞ்சின்

காட்டாற்றங்கரையில் வடிவு என்றோர் உடும்பு வசித்தது. அதே கரையின் மூங்கில் புதரில் செவ்வந்தி என்ற சருகுமானும் அதன் குட்டி துளிரும் இருந்தன. சருகுமான் என்பது முயல் அளவே இருக்கும் சின்ன மான். துளிரோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

போன மழைக்காலத்தில் ஆறு திடீரென்று பெருகியது. பயந்துபோன துளிர் மேட்டுக்கு ஓடாமல் பள்ளத்துக்கு ஓடிவிட்டது. வெள்ளம் அதை உருட்டிக்கொண்டு போனது. நல்ல வேளையாக வடிவு நீந்திப் போய்க் கவ்விக் கரையேற்றியது. குட்டி பிழைத்தது. ஆனாலும் தண்ணீருக்குள்ளிருந்து வந்த அந்தக் கீச்சுக் குரல் வடிவின் காதைவிட்டுப் போகவே இல்லை.

"வெள்ளம் வந்தால் பாறைமேட்டுக்கு ஓடு என்று படித்துப் படித்துச் சொன்னேனே! எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு!" என்று செவ்வந்தி அழுதது.

"சொன்னால் ஏறாது அக்கா. விளையாடினால் ஏறும்!" என்றது வடிவு. "பாறைமேட்டுக்குப் போகும் வழியை நான் கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்கிறேன். அடுத்த மழைக்குள் எல்லாக் குட்டிகளும் விளையாடட்டும்!"

காட்டுக்குள் ஆளில்லாத விடுதி ஒன்று இருந்தது. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். கூரைமேல் சூரியத் தகடு. வெயில் அடிக்கும்வரை அது ஓடும். குட்டிகள் கூட்டமாய்ப் போய் விளையாடிவிட்டு வரும். வடிவும் விளையாடியிருக்கிறது. ஆனால் விளையாட்டைச் செய்து பழக்கமில்லை. அதற்குக் 'கேம் எஞ்சின்' என்ற மென்பொருள் வேண்டும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தது. படம் அசைவதையும், ஒன்றன்மேல் ஒன்று மோதுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். மற்றதை நாம் சொல்லிக்கொடுத்தால் போதுமாம்.

சரி, எந்த எஞ்சின்? சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐராவதம்தான்!" என்று அகவியது விடுதிக் கூரையில் இருந்த மயில். "உலகத்திலேயே பெரிய எஞ்சின் அது! ஒவ்வொரு இலையும் நிஜ இலைபோல் மினுங்கும். என் தோகையைப் பார்க்கிற மாதிரி இருக்கும்!"

வடிவு மயங்கிவிட்டது. ஐராவதத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியது. அது ஏறுவதற்குள் வெயில் வந்து வந்து போனது. ஒருவழியாகத் திறந்து பார்த்தால் திரை முழுக்கப் பொத்தான்கள்! எதை அமுக்கினாலும் இன்னொரு பெட்டி திறந்தது. பழைய கம்ப்யூட்டர் அடுப்புபோல் கொதித்தது. அடிக்கடி அணைந்தும் போனது. பங்குனி போய்ச் சித்திரையும் பாதி கழிந்தது. கடைசியில் வடிவிடம் இருந்தது ஒரே ஓர் இலை. அழகான இலைதான். காற்றில்கூட ஆடியது!

அப்போது அந்தப் பக்கமாக நரி வந்தது. இலையைப் பார்த்து உதட்டைச் சுழித்தது.

"அடுத்தவர் சமைத்த எஞ்சினில் உட்கார்ந்துகொண்டு நானும் விளையாட்டு செய்கிறேன் என்றால் யார் மதிப்பார்கள்? எஞ்சினையே நீ சொந்தமாகச் செய்ய வேண்டும். அதுதான் கெட்டிக்காரத்தனம்!"

"ஐயோ, எனக்கு அது வருமா நரியண்ணே?"

"வரவில்லை என்றால் உனக்கு விளையாட்டு எதற்கு?"

வடிவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே ஐராவதத்தை ஓரங்கட்டிவிட்டுச் சொந்த எஞ்சின் செய்ய உட்கார்ந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு அது கற்றது, திரையில் ஒரு புள்ளி வைப்பதை. அந்தப் புள்ளியும் நகர மாட்டேன் என்றது.

பிடித்தால் விடாது என்று ஊரே சொல்லும் உடும்பு, எதையுமே பிடிக்க முடியாமல் திணறியது.

ஒரு நண்பகலில் துளிர் விடுதிக்குள் எட்டிப் பார்த்தது.

"அத்தை! விளையாட்டு ஆயிற்றா?"

"ஆகிக்கொண்டிருக்கிறது கண்ணு. இந்த இலையைப் பார்!"

துளிர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது.

"இலை நன்றாக இருக்கிறது அத்தை. நான் எங்கே ஓடணும்?"

வடிவுக்குச் சுரீர் என்றது. நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது. எந்த எஞ்சின், எந்த எஞ்சின் என்று கேட்டுக் கேட்டே இத்தனை காலம் போய்விட்டது. குட்டி எங்கே ஓடும், எப்படித் தோற்கும், எப்படி ஜெயிக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லையே!

"வா வெளியே!" என்றது வடிவு.

மண்ணில் நகத்தால் கோடு கிழித்தது. இது ஆறு, இது மூங்கில் புதர், இது விழுந்து கிடக்கும் மரம், இது பள்ளம், இது பாறைமேடு. ஒரு புளியங்கொட்டையை வைத்து, "இதுதான் நீ. தண்ணீர் வருகிறது, ஓடு!" என்றது. பின்னாலேயே வாலால் கோட்டை அழித்துக்கொண்டு வந்தது. அழிந்த இடமெல்லாம் வெள்ளம்!

துளிர் கீச்சென்று கத்திக்கொண்டு புளியங்கொட்டையைப் பள்ளத்துக்குத் தள்ளியது. வால் வந்து மூடியது.

"செத்தேன்!" என்று சிரித்தது துளிர். "இன்னொரு தடவை அத்தை!"

அடுத்த தடவை அது மூங்கிலைச் சுற்றி ஓடியது. வழியில் விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டியது. மேட்டைத் தொட்டுவிட்டது. வடிவுக்கு மனசு குளிர்ந்தது. ஓட வேண்டும், தாண்ட வேண்டும், தண்ணீர் ஏற வேண்டும். இவ்வளவுதானே வேண்டியது! இது தெரிந்த பிறகு எஞ்சினைத் தேடுவது எளிதாக இருந்தது. இவற்றைச் செய்யுமா, இந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா என்று மட்டும் பார்த்தது. 'சிட்டு' என்ற குட்டி எஞ்சின் கையில் சிக்கியது.

"சிட்டா! அது குழந்தைகள் தொடுவது!" என்று நரி எள்ளி நகைத்தது.

"அதில் நிழலே விழாதே!" என்று மயிலும் முகம் சுளித்தது.

வடிவு இரண்டையும் நிமிர்ந்து பார்த்தது. "நீங்கள் செய்த விளையாட்டுகள் எங்கே இருக்கின்றன? ஒரு தடவை விளையாடிப் பார்க்கிறேனே."

மயில் இறகைக் கோத ஆரம்பித்தது. "நான் எஞ்சின்களை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி..."

"என் எஞ்சின் இன்னும் முடியவில்லை," என்று முனகியது நரி. "முடிந்ததும் பார்!"

வடிவு திரும்பி உட்கார்ந்து வேலையைப் பார்த்தது.

முதல் விளையாட்டு பார்க்கச் சகிக்கவில்லை. மான் ஒரு பழுப்புக் கட்டம். ஆறு ஒரு நீலப் பட்டை. போதாக்குறைக்கு, மான் பாறைக்குள் புகுந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஆனால் ஒன்றும் எழுந்து போகவில்லை! எங்கே சிரிக்கின்றன, எங்கே திகைக்கின்றன என்று வடிவு பக்கத்திலிருந்து கவனித்தது. பாறையைச் சரிசெய்தது. தண்ணீரைக் கொஞ்சம் மெதுவாக்கியது. வைகாசி முடிவதற்குள் முயல்குட்டி, முள்ளம்பன்றிக்குட்டி எல்லாம் அந்த வழியில் ஓடித் தீர்த்தன.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. பெரியவை எல்லாம் மலைச்சரிவில் நாவற்பழம் பொறுக்கப் போயிருந்த நேரம். விடுதியிலிருந்த வடிவுக்கு ஆற்றின் இரைச்சல் கேட்டது. விழுந்தடித்து ஓடியது. மூங்கில் புதரில் யாருமில்லை. பள்ளம் முழுக்கச் செந்நீர் சுழன்றது.

"துளிர்! துளிர்!"

வடிவுக்கு உயிரே போய்விட்டது. தண்ணீரில் பாயப் போனபோது மேலேயிருந்து பல குரல்கள் கேட்டன.

"பள்ளம் வேண்டாம் அத்தை! மூங்கிலைச் சுற்றி வா! மரத்தைத் தாண்டு!"

பாறைமேட்டின் உச்சியில் குட்டிகள் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றன. நடுவில் துளிர். கண் திறக்காத எலிக்குஞ்சு ஒன்றை வாயில் கவ்வித் தூக்கி வந்து காலடியில் படுக்க வைத்திருந்தது. வடிவு ஏறிப் போய் அத்தனையையும் அணைத்துக்கொண்டு அழுதது.

ஆறு வடிந்து வெயில் வந்ததும் வடிவு அடுத்த விளையாட்டை ஆரம்பித்தது. இது பெரிய விளையாட்டு. காட்டுத் தீயிலிருந்து நாலு திசையிலும் தப்பும் வழிகள்! சிட்டு இதற்குப் போதவில்லை. ஆனால் என்ன போதவில்லை என்று இப்போது வடிவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால் அடுத்த எஞ்சினை அது ஒரு பொழுதிலேயே தேர்ந்தெடுத்துவிட்டது. கூரையிலிருந்து மயில் மெல்ல இறங்கி வந்தது.

"பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா வடிவு? எனக்கும் ஒரு விளையாட்டு செய்ய ஆசை."

"வாருங்கள் அண்ணே. முதலில் உங்கள் விளையாட்டில் யார் எங்கே ஓட வேண்டும், அதைச் சொல்லுங்கள்!"

பெரிய கருவியைத் தேடிக் காலம் கழிப்பவர் கற்பதில்லை; செய்ய வேண்டியது எது என்று தெளிந்து, கைக்கு அடங்கிய கருவியால் சின்னதாக ஒன்றைச் செய்து முடிப்பவரே கற்றுத் தேறுவார்.