ஜெபக்கனி சொன்ன மழை

ஒரு ஊர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாக. ஊரு பேரு முள்ளிப்பாறை, ஆண்டிபட்டிப் பக்கம் காஞ்ச கரட்டுக்காடு. டீச்சரம்மா பேரு மும்தாஜ். எட்டாங்கிளாஸுக்குப் புவியியல் எடுக்கப் புதுசா வந்தவுக. "ம்" சொல்லிக்கிட்டே கேளுடா தங்கம்.

அந்தக் கிளாஸுல ஜெபக்கனின்னு ஒரு பிள்ளை. குமுளி மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்துல பெறந்து வளந்தவ. அப்பன் தவறினதும் அம்மாகூட இங்க வந்துட்டா. அவ ஒருநா, "எங்க ஊர்ல ஆனி ஆடின்னா மழை விடவே விடாது. சித்திரையிலகூட விடியக்காலம் சுவெட்டர் போடுவோம்"னா. கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுருச்சு. "புளுகுமூட்டை"ன்னு பேரும் வச்சிட்டாங்க. பிள்ளை அழுதுக்கிட்டே, "நான் இனிமே வரல டீச்சர்"னுட்டா.

டீச்சருக்கு மனசு ஆறல. உள்ளதைச் சொன்ன பிள்ளை படிப்பை விடுறதா?

அப்புறம் என்ன பண்ணுனாக, உலக உருண்டையை மேசையில வச்சு டார்ச்சை அடிச்சாக, பளிச்! "நடுவுல வெயிலு நேரா குத்துது, சூடு. துருவத்துல சாஞ்சு விழுது, பனி"ன்னாக. தவமணின்னு ஒரு வாயாடி எந்திரிச்சான். "துருவம் தூரம் டீச்சர். ஜெபக்கனி ஊரு பக்கத்துலதான? அதே வெயிலுதான?"

அப்போ டீச்சரு, "மலை மேல ஏற ஏற குளுரும்டா"ன்னாக.

"மேல போனா சூரியனுக்குக் கிட்டல்ல போறோம்? சுடணும்ல?"

"வெயிலு தரையைச் சுட வைக்கிது, தரைதான் காத்தைச் சுட வைக்கிது. மேல போகப்போகக் காத்தும் லேசாயிரும், சூடு தங்காது." பய நம்பல.

மூணாவதா, டீச்சரு பஸ்ஸே பேசிட்டாக. ஜெபக்கனியை வீட்டுக்கே போயி கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தாக. "ஆனி மாசம், மேற்கே இருந்து மேல்காத்து அடிக்கிது. கண்ணாலயே பாத்துருவோம், வாங்க."

கம்பம் தாண்டி, குமுளி மலையில பஸ்ஸு உர்ர்ர், உர்ர்ர்னு வளைஞ்சு வளைஞ்சு ஏறுச்சு. உச்சியில எறங்குனா... தரை காஞ்சு கெடக்கு! தவமணி, "எங்க டீச்சர் மழை?"ங்கிறான். பிள்ளைக சிரிக்குதுக. டீச்சரு ஜெபக்கனியைத் திரும்பிப் பாக்குறாக. நாமளும் சேந்து இந்தப் பிள்ளையைத் தலைகுனிய வச்சிட்டோமோ?

தூங்கிட்டியா? ம்... சரி.

ஜெபக்கனி மட்டும் மேற்கே பாத்து மூக்கை உறிஞ்சுனா. "செத்த இருங்க டீச்சர். வருது."

அப்போ புகை மாதிரி மேகம் ஏறி வந்துச்சு. குளுரு சிலீர்னுச்சு. தவமணிக்குப் பல்லு கிடுகிடுன்னு அடிக்கிது. சோ... சோன்னு கொட்டுச்சு பாரு மழை! நனைஞ்சுக்கிட்டே கெழக்க திரும்புனா, கீழ கம்பத்துப் பக்கம் பளீர்னு வெயிலு!

தவமணி, "என்னடி இது?"ன்னான்.

அவதான் சொன்னா. "கடல்காத்து தண்ணியத் தூக்கிட்டு வருது. மலை மறிக்கிது. மேல ஏறுனதும் குளுந்து, எங்க பக்கமே கொட்டிருது. உங்க பக்கம் வெறுங்கையோட எறங்குது."

தவமணி மூஞ்சியில வழிஞ்ச மழைத்தண்ணியைத் தொடச்சான். அப்புறம், "நீ புளுகல"ன்னான்.

மறுநா கிளாஸுல உலகப் படத்தை விரிச்சு எல்லாரும் மலை தேடுறாங்க. தென் அமெரிக்காவுல ஒரு பெரிய மலை, ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பாலைவனம். தவமணி கத்துறான், "டீச்சர், இங்கயும் ஒரு முள்ளிப்பாறை!"

அப்புறம் ஆண்டு விழா வந்துச்சு. பிள்ளைக பாதிப்பேரு கைகோத்து மலையா நிக்க, பாதிப்பேரு காத்தா ஓடி வர, ஜெபக்கனி நடுவுல நின்னு ஊருக்கே பாடம் நடத்துனா. எந்த நாடு ஏன் காயுது, எது ஏன் உறையுதுன்னு கணீர்னு சொன்னா. ஒரு பெரியவரு, "யாரு பிள்ளைப்பா இது?"ன்னாரு. கூட்டத்துல இருந்து அவ அம்மா எந்திரிச்சு, "எம் பிள்ளை"ன்னா. மும்தாஜ் டீச்சருக்கும் அதையேதான் சொல்லத் தோணுச்சு. நிமிந்து நின்னு, கை செவக்கச் செவக்கத் தட்டுனாக.

அம்புட்டுத்தான் கண்ணு. கதை படுத்துருச்சு, நீயும் படு.